அழுது மூச்சு நின்றுபோகும் குழந்தை: சாவிக்கொத்தும் இரும்புச்சத்தும்



உங்களில் பலர் வீட்டில் ஒரு சின்னத் தம்பியோ தங்கையோ இருக்கும். அக்காவின் குழந்தையாகவும் இருக்கலாம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் உங்களிடம்தான் வரும். அப்படி ஒரு சனிக்கிழமை காலையில் எனக்கு நடந்ததைச் சொல்லி இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் இரண்டாம் படிவ மாணவி. செலண்டார் பக்கத்தில், செம்பனைக் காட்டை ஒட்டிய ஒரு லயன் வீட்டில் இருந்தோம். அம்மா விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை. தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது. நான் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தேன். அவன் வந்து என் கவராயத்தை எடுத்துக்கொண்டான். கூர்முனை கண்ணில் பட்டுவிடுமே என்று பயந்து வெடுக்கென்று பிடுங்கினேன்.

அவன் வீறிட்டு அழுதான். இரண்டு மூன்று முறை அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. வாய் திறந்தபடி இருந்தது, மூச்சு உள்ளே போகவில்லை. உதடு கறுத்து நீலமானது. கண் மேலே செருகியது. கால் தளர்ந்து கீழே சாய்ந்தான். உடம்பு ஒரு முறை விறைத்தது.

தம்பியைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். என் அலறல் கேட்டு மூன்றாவது வீட்டுப் பாட்டி ஓடி வந்தார். இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை உருவி அவன் கையில் வைத்து அழுத்தினார். முகத்தில் தண்ணீர் தெளித்தார். தம்பி ஒரு பெருமூச்சு இழுத்தான். உதட்டின் நிறம் திரும்பியது. சிறிது நேரத்தில் பாட்டி மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"இரும்பைக் கையில வெச்சதும் நின்னுருச்சு பாரு" என்றார் பாட்டி. நாங்கள் எல்லாரும் நம்பினோம். "நீ ஏன் பிடுங்கினே?" என்று வீட்டில் என்னைக் கேட்டார்கள். உறவினர் ஒருவர், "எல்லாம் பிடிவாதம். ரெண்டு அடி கொடுத்தா சரியாப்போகும்" என்றார். பயம், பழி, தவறான வைத்தியம் என்று எல்லாம் அந்த ஒரே நாளில் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன.

அன்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

இது என்ன?

நம் வீடுகளில் "அழுது அழுது மூச்சுக் கட்டிக்கிச்சு" என்பார்கள். மருத்துவர்கள் ஆங்கிலத்தில் 'ப்ரெத் ஹோல்டிங் ஸ்பெல்' என்கிறார்கள். நாம் இங்கே 'மூச்சுக்கட்டு' என்றே சொல்லிக்கொள்வோம்.

ஆங்கிலப் பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. அதைக் கேட்டால் குழந்தை வேண்டுமென்றே மூச்சை அடக்கிக்கொள்வதுபோல் தோன்றும். உண்மையில் குழந்தைக்கு அப்படி ஓர் எண்ணமே கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால் இமை தானாக மூடுகிறதல்லவா? அதைப்போல இதுவும் குழந்தையின் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட அனிச்சைச் செயல். ஆகவே அடித்துத் திருத்த முடியாது.

பெரும்பாலும் 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இது வரும். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் அதிகமாகக் காணப்படும். 100 குழந்தைகளில் ஏறக்குறைய 5 பேர் வரை இதற்கு ஆளாகலாம். சில குடும்பங்களில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுவயதில் இது இருந்திருக்கும். இது புதிய நோயும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் கல்பெப்பர் என்ற ஆங்கில மருத்துவரின் பெயரில் மருத்துவச்சிகளுக்காக வந்த நூலிலேயே, கோபத்தாலும் துயரத்தாலும் குழந்தைக்கு மூச்சு நிற்பதைப் பற்றிய குறிப்பு உண்டு.

மூன்றாம் படிவ அறிவியல் பாடநூலை எடுத்துப் பாருங்கள். முதல் பாடம் தூண்டலும் துலங்கலும், இரண்டாவது சுவாசம், மூன்றாவது உடலில் பொருள்கள் கடத்தப்படுவது. இந்த மூன்று பாடங்களும் மூச்சுக்கட்டில் ஒன்றாக வந்து நிற்கின்றன.

இரண்டு வகை

முதல் வகை நீல வகை. இதுவே அதிகம். கோபம், ஏமாற்றம், வலி போன்ற ஏதோ ஒன்று தூண்டலாகிறது. குழந்தை பலமாக அழுகிறது. அழுகை என்றால் மூச்சை வெளியே விடுவது. நுரையீரலில் இருந்த காற்றின் பெரும்பகுதி வெளியேறிய அந்த நொடியில் மூச்சு நின்றுவிடுகிறது. அடுத்த மூச்சு உள்ளே வருவதில்லை. இரத்தத்தில் உயிர்வளி குறைகிறது. உயிர்வளியை இழந்த இரத்தத்தின் நிறம் மங்கிக் கருஞ்சிவப்பாக இருப்பதால் உதடு நீலமாகத் தெரிகிறது. மூளைக்குப் போதிய உயிர்வளி கிடைக்காமல் குழந்தை மயங்குகிறது. சில குழந்தைகளுக்கு உடல் விறைக்கும், கைகால் ஓரிரு முறை வெட்டும்.

ஒன்றை இங்கே கவனியுங்கள். நம் பிள்ளைகளில் பலர் கறுப்பு அல்லது மாநிறம். முகத்தில் நீலம் தெரியாமல் போகலாம். உதடு, நாக்கு, ஈறு, நகம் ஆகியவற்றைப் பார்த்தால் தெரியும்.

இரண்டாவது வகை வெளிறும் வகை. திடீர்ப் பயம், தலையில் சின்ன இடி, எதிர்பாராத வலி போன்றவை இதைத் தூண்டும். குழந்தை ஒருமுறை முனகும், அல்லது அழவே அழாது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்து, தொய்ந்து விழுந்துவிடும். இங்கே சிக்கல் மூச்சில் தொடங்குவதில்லை, இதயத்தில் தொடங்குகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு, இதயத் துடிப்பை மெதுவாக்கும் 'பிரேக்' போன்றது. இந்தக் குழந்தைகளுக்கு அந்தப் பிரேக் அளவுக்கு மீறிப் பிடித்துவிடுகிறது. சில நொடிகள் துடிப்பு மிகவும் குறையும், நின்றும்கூடப் போகும். பிறகு தானே திரும்பும். பள்ளியில் ஊசி போடும் நாளில் இரத்தத்தைப் பார்த்ததும் சில மாணவர்கள் மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வகைதான்.

1967இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் லொம்ப்ரோசோ, லெர்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் இத்தகைய 200க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். இந்த இரு வகைகளும் வலிப்பு நோயிலிருந்து வேறுபட்டவை என்பதைத் தெளிவுபடுத்திய முக்கியமான ஆய்வு அது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் மயக்கம்?

ஒரு சின்னச் சோதனை செய்வோம். நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். இயல்பாக மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துங்கள். எத்தனை நொடி முடிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் ஓய்வெடுங்கள். இப்போது மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு நிறுத்துங்கள். இரண்டாவது முறை மிகச் சீக்கிரமே மூச்சு வேண்டும் என்று உடம்பு கேட்கும். (ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். தண்ணீருக்குள் செய்யவே கூடாது. வேகமாக மூச்சுவிட்ட பிறகும் செய்யக் கூடாது. சிரமம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.)

இப்போது ஒரு தோராயக் கணக்கு. 50 கிலோ எடையுள்ள நீங்கள் ஓய்வாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டருக்குக் குறையாமல் உயிர்வளியைப் பயன்படுத்துகிறீர்கள். நன்றாக மூச்சை இழுத்திருந்தால் நுரையீரலில் சுமார் 4 லிட்டர் காற்று இருக்கும். அதில் 600 மில்லிலிட்டருக்கு மேல் உயிர்வளி இருக்கும். கையிருப்பு தாராளம்.

10 கிலோ எடையுள்ள குழந்தைக்கோ கிலோவுக்குத் தேவைப்படும் உயிர்வளி உங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு நிமிடத்துக்கு 60 முதல் 70 மில்லிலிட்டர். அழுது முடித்த நிலையில் நுரையீரலில் மிஞ்சுவது 200 மில்லிலிட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். அதில் உயிர்வளி சுமார் 30 மில்லிலிட்டர்தான். அதையும் கடைசிச் சொட்டுவரை எடுக்க முடியாது. அரை நிமிடத்துக்குள் ஏன் மயக்கம் வருகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

பிறகு மூச்சு எப்படித் திரும்புகிறது? நம் மூளையின் அடிப்பகுதியில் முகுளம் இருக்கிறது. இரத்தத்தில் கரிவளி எவ்வளவு, உயிர்வளி எவ்வளவு என்று இரவு பகலாகக் கண்காணித்து மூச்சை நடத்துவது அதுதான். நீங்கள் தூங்கும்போதும் அது தூங்குவதில்லை. குழந்தை மயங்கியதும் அழுகையால் இறுகியிருந்த மார்புத் தசைகளும் தொண்டையும் தளர்கின்றன. முகுளத்தின் கட்டளை வேலை செய்யத் தொடங்குகிறது. மூச்சு தானாக வருகிறது. பெரும்பாலும் இவை எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். யாரும் எதையும் 'முடுக்கி' விடத் தேவையில்லை.

சாவிக்கொத்து வேலை செய்ததா?

இப்போது அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புவோம். பாட்டி சாவியை வைத்தார், தம்பிக்கு மூச்சு வந்தது. அதனால் சாவியால்தான் மூச்சு வந்தது என்று சொல்லலாமா?

பாட்டி ஓடி வருவதற்கே அரை நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் முகுளம் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். அவர் சாவிக்குப் பதில் ஒரு கரண்டியை வைத்திருந்தாலும் மூச்சு வந்திருக்கும். ஒன்றுமே வைக்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும். ஒன்றின் பின் இன்னொன்று நடந்தது என்பதாலேயே முதலாவது இரண்டாவதற்குக் காரணம் ஆகிவிடாது. அறிவியல் கற்பவர்கள் எப்போதும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

பாட்டியை நான் குறை சொல்லவில்லை. தன் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர் அவர். சாவியால் கெடுதலும் இல்லை. ஆனால் அன்று அங்கே செய்யப்பட்டவற்றில் உண்மையிலேயே ஆபத்தானது ஒன்று உண்டு. அதைச் செய்தது நான். ஒன்றரை வயதுக் குழந்தையை உலுக்கினேன். சிறு குழந்தையின் கழுத்துத் தசை பலவீனமானது, தலை கனமானது. பலமாக உலுக்கினால் மண்டைக்குள் மூளை மோதி இரத்தக் கசிவு ஏற்படலாம். பார்வை போகலாம், உயிரும் போகலாம். மூச்சுக்கட்டு தம்பிக்குத் தராத ஆபத்தை என் பயம் தந்திருக்கக் கூடும். நல்ல வேளையாக அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் முன்னால் ஒரு குழந்தைக்கு இப்படி நடந்தால்:

1. குழந்தையைத் தரையிலோ பாயிலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தூக்கி நிமிர்த்திப் பிடிக்க வேண்டாம். படுத்திருந்தால்தான் மூளைக்கு இரத்தம் எளிதாகப் போகும்.

2. தலை இடிக்கக்கூடிய நாற்காலி, மேசை, பொம்மை எல்லாவற்றையும் நகர்த்துங்கள்.

3. கடிகாரத்தைப் பாருங்கள். பயத்தில் 20 நொடிகூடப் பத்து நிமிடம்போல் தெரியும். நொடிகளை எண்ணினால் உங்கள் மனமும் அமைதியாகும்.

4. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் கைப்பேசியில் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

5. பக்கத்திலேயே இருங்கள். மூச்சு திரும்பியதும் சாதாரணமாகப் பேசுங்கள்.

செய்யக்கூடாதவை:

உலுக்காதீர்கள். முதுகில் அறையாதீர்கள். வாயில் விரல், கரண்டி, தண்ணீர் எதையும் விடாதீர்கள். மயங்கிய குழந்தைக்கு விழுங்கத் தெரியாது, தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முகத்தில் தண்ணீரை வீசி அடிக்காதீர்கள்.

குழந்தை சாப்பிட்டுக்கொண்டோ சிறு பொருளை வாயில் வைத்துக்கொண்டோ இருக்கும்போது திடீரென்று சத்தம் வராமல் திணறினால் அது வேறு கதை. தொண்டையில் ஏதோ அடைத்திருக்கலாம். அழுகைக்குப் பின் வருவது மூச்சுக்கட்டு. அழக்கூட முடியாமல் திணறுவது அடைப்பு. அடைப்பு என்றால் உடனே பெரியவர்களைக் கூப்பிட்டு, அதற்குரிய முதலுதவியைச் செய்ய வேண்டும். செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற சீருடை இயக்கங்களில் இருப்பவர்கள் இந்த முதலுதவியை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடம் கடந்தும் மூச்சோ நினைவோ திரும்பவில்லை என்றால் 999ஐ அழையுங்கள். எந்தத் தோட்டம், எந்தச் சாலையில் நுழைய வேண்டும், எத்தனையாவது வீடு என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவர் சாலை முனையில் நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும்.

மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்

மூச்சுக்கட்டு தானாக நின்றுவிடுகிறது என்பதால் கிளினிக்குக்குப் போகவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் முறை வந்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வந்தது மூச்சுக்கட்டுதானா, வலிப்பா, இதயத் துடிப்புக் கோளாறா என்று பிரித்தறிவது அவருடைய வேலை.

அவர் கேட்கும் முதல் கேள்வி, "அதற்கு முன்பு என்ன நடந்தது?" என்பதாகத்தான் இருக்கும். மூச்சுக்கட்டுக்கு முன்னால் எப்போதும் ஒரு தூண்டல் இருக்கும். அழுகை, வலி, பயம் ஏதாவது ஒன்று. வலிப்பு நோயோ காரணமே இல்லாமல் வரலாம், தூக்கத்திலும் வரலாம். மூச்சுக்கட்டு முடிந்ததும் குழந்தை சீக்கிரம் தெளிந்துவிடும். வலிப்புக்குப் பிறகு பெரும்பாலும் நீண்ட நேரம் மயக்கமாகவும் குழப்பமாகவும் இருக்கும். அதனால் குழந்தையுடன் இருந்த நீங்கள்தான் முதல் சாட்சி. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். "நான்தான் பிடுங்கினேன்" என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது குற்ற வாக்குமூலம் அன்று, முக்கியமான தகவல்.

குழந்தைக்கு 6 மாதம் நிறையவில்லை, அழாமலேயே மயங்குகிறது, ஓடியாடும்போது மயங்குகிறது, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்கள் என்றால் தாமதமே கூடாது. அப்போது இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் இ.சி.ஜி. சோதனை தேவைப்படலாம்.

இரும்பு இருக்க வேண்டிய இடம்

தம்பிக்கு அதன் பிறகும் பல முறை வந்தது. தடுப்பூசி போடப் போன நாளில் அம்மா இதைக் கிளினிக் மிஸ்ஸியிடம் சொன்னார். மருத்துவர் தம்பியின் இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். ஈமோகுளோபின் குறைவு. இரும்புச்சத்துக் குறைபாட்டால் வந்த இரத்தசோகை என்று கண்டுபிடித்து இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள். மூச்சு நிற்பதற்கும் இரும்புக்கும் என்ன தொடர்பு என்று எங்களுக்கு வியப்பாக இருந்தது.

அந்தத் தொடர்பை மருத்துவ உலகம் கவனித்தது நெடுநாளைக்கு முன்பே. 1963இலேயே அமெரிக்காவில் ஹோலோவாக், தர்ஸ்டன் என்ற மருத்துவர்கள், மூச்சுக்கட்டு உள்ள குழந்தைகளிடம் இரத்தசோகை அதிகம் என்று எழுதினார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்து காணப்படுவது மட்டும் போதுமா? போதாது. நம் சாவிக்கொத்துக் கதையைப்போல அதுவும் ஏமாற்றலாம்.

ஜோர்டான் நாட்டு மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். தாவுத் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் 67 குழந்தைகள் பங்குபெற்றனர். ஒரு குழுவுக்கு இரும்புச்சத்து மருந்து. இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத போலி மருந்து. 16 வாரங்கள் இது நடந்தது. இரும்புச்சத்து பெற்ற குழுவில் ஏறக்குறைய 88 விழுக்காட்டினருக்கு மூச்சுக்கட்டு முழுவதும் நின்றது அல்லது பாதிக்கு மேல் குறைந்தது. போலி மருந்து பெற்ற குழுவில் அப்படி முன்னேறியவர்கள் 6 விழுக்காட்டினர் மட்டுமே.

ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் சோதனைகளில் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைக்கிறோம் அல்லவா? அதைத்தான் அவர்களும் செய்தார்கள். பாட்டியின் சாவிக்கு இப்படிச் சோதனை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இரும்பு மருந்துக்கு வைத்தார்கள், அது தேறியது.

இரும்பு ஏன் உதவுகிறது? ஒரு காரணம் கணக்கிலேயே தெரியும். ஒரு கிராம் ஈமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் உயிர்வளியைச் சுமக்கும். 10 கிலோ குழந்தைக்குச் சுமார் 800 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஈமோகுளோபின் இருந்தால், முழு இரத்தமும் ஏறக்குறைய 129 மில்லிலிட்டர் உயிர்வளியைச் சுமக்க முடியும். அதே குழந்தைக்கு 8 கிராம்தான் இருந்தால் 86 மில்லிலிட்டர் மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு போய்விடுகிறது. மூச்சு நிற்கும்போது மயக்கம் இன்னும் சீக்கிரம் வரும். இரண்டாவது காரணம், நரம்புகள் தங்களுக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களைத் தயாரிக்கவும் இரும்பு வேண்டும். முழு விளக்கத்தை அறிவியலாளர்கள் இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள்.

இரத்தசோகை எங்கோ தூரத்துப் பிரச்சினை என்று எண்ணாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 40 பேருக்கு இரத்தசோகை. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, இந்த வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருப்பதாகக் காட்டியது. தமிழ்நாட்டில் 2019-21 குடும்ப நல ஆய்வில் அது 57 விழுக்காடு.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

6 மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு இரும்புச்சத்துள்ள உணவும் வேண்டும். நன்றாக வேகவைத்து மசித்த கோழி ஈரல், இறைச்சி, மீன், முட்டை ஆகியவை நல்லவை. சைவ வீடுகளில் பருப்பு, கொண்டைக்கடலை, கீரை கொடுக்கலாம். கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு போன்ற வைட்டமின் சி உள்ள பழம் கொடுத்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. குழந்தை அழுதால் தே ஓவில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுப்போம். எங்கள் வீட்டிலும் தம்பிக்கு அதுதான் காலை உணவு. தேயிலையில் உள்ள டானின் என்ற பொருள் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலுக்குச் சேரவிடாது. சின்னக் குழந்தைக்குத் தேநீர் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் பசும்பாலும் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் வயிறு நிரம்பி மற்ற உணவு இறங்காது. பாலில் இரும்பு மிகக் குறைவு.

ஓர் எச்சரிக்கை. இரும்புச்சத்து நல்லதுதானே என்று அம்மாவுக்குக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அளவு மீறினால் சிறு குழந்தைக்கு அது கடும் நஞ்சு. நிறமான அந்த மாத்திரையை மிட்டாய் என்று எடுத்துத் தின்றுவிடவும் கூடும். கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். அதோடு, நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடும் உண்டு. நான்காம் படிவத்தில் உங்களுக்குப் பள்ளியிலேயே அதற்கு இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். தலசீமியாவாலும் ஈமோகுளோபின் குறையும். ஆனால் அதற்கு இரும்பு மருந்து தீர்வு ஆகாது. எனவே சோதித்துப் பார்த்த பிறகே மருந்து.

அழவே விடக்கூடாதா?

தம்பிக்கு முதல் முறை வந்த பிறகு எங்கள் வீட்டில் அவன் ராஜா ஆகிவிட்டான். கேட்டது எல்லாம் கிடைத்தது. நான் என் புத்தகங்களைக்கூட அவனிடமிருந்து வாங்கப் பயந்தேன். கிளினிக் மிஸ்ஸி அம்மாவிடம் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: கத்தியைக் கேட்டால் கத்தியையா கொடுப்பீர்கள்? வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அழுதால் அழட்டும்.

மூச்சுக்கட்டு குழந்தையின் தந்திரம் அன்று. ஆனால் அழுதால் எல்லாம் கிடைக்கும் என்பதை எந்தக் குழந்தையும் விரைவில் கற்றுக்கொள்ளும். ஆகவே முடிந்த பிறகு திட்டவும் வேண்டாம், பரிசு கொடுக்கவும் வேண்டாம். பசி, தூக்கக் களைப்பு இரண்டும் அழுகையைக் கூட்டும். நேரத்துக்குச் சாப்பாடும் தூக்கமும் கொடுத்தாலே பாதி அழுகை குறையும். பிடுங்குவதற்குப் பதில் வேறு பொருளைக் காட்டி மாற்றிக்கொள்வது சுலபம். அந்தக் கவராயத்தை ஒரு கரண்டி கொடுத்து வாங்கியிருக்கலாம் என்று பிற்பாடுதான் எனக்குத் தோன்றியது.

மூச்சுக்கட்டு வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு 4 வயதிலிருந்து 6 வயதுக்குள் அது தானே நின்றுவிடும். சாதாரணமாக வந்துபோகும் மூச்சுக்கட்டால் மூளை பாதிக்கப்படுவதில்லை, படிப்பும் கெடுவதில்லை. என் தம்பிக்கு மருந்து தொடங்கிய சில மாதங்களில் குறைந்தது. நான்கு வயதுக்குப் பிறகு வரவே இல்லை. இன்று அவன் என்னைவிட உயரம். லேடாங் மலைக்கு நண்பர்களோடு ஏறிவிட்டு வந்து, என்னால் ஏற முடியாது என்று கேலி செய்கிறான்.

மாணவர்களே, அந்தக் காலை எனக்குள் நெடுநாள் இருந்தது. பதினான்கு வயதில் நான் சுமந்த அந்தக் குற்ற உணர்வு தேவையற்றது என்று அறிவியல் ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கும்போதுதான் முழுதாகப் புரிந்தது. உங்களில் யாராவது இப்போது அதே நிலையில் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பொம்மையைப் பிடுங்கியதால் குழந்தை அழுதிருக்கலாம். மூச்சு நின்றதற்கு நீங்கள் காரணம் இல்லை. குழந்தையும் காரணம் இல்லை.

இன்றிரவு சாப்பிடும்போது வீட்டில் பேச்செடுங்கள். "நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுது மூச்சு நின்றிருக்கிறதா?" என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், ஒருக்களித்துப் படுக்கவைப்பது, உலுக்காமல் இருப்பது, நொடிகளை எண்ணுவது இந்த மூன்றையும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்து, அடுத்த முறை கிளினிக்குக்கு எப்போது போக வேண்டும் என்று பாருங்கள். அன்று இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள்.